சர்ச் உண்மையில எதுக்கு? யூடியூப்ல பிரசங்கம் கேட்டா போதாதா?

ஓஎம்ஆர்வாசி:
யாரையும் புண்படுத்தக் கேக்கல, நிஜமாவே புரியாமதான் கேக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) குடும்பம், ஊர் தூத்துக்குடி பக்கம், இப்ப சென்னைல ஐ.டி. வேலை. சின்ன வயசுல சண்டே ஸ்கூல், பாட்டுக்குழு, அசனத்துக்கு (சபை விருந்து) வெங்காயம் உரிக்கிறதுன்னு எல்லாமே கோவில்தான். இப்ப ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு எந்திரிச்சு காபியோட உக்காந்து யூடியூப்ல லைவ் பாக்கிறேன், காணிக்கைய ஜிபேல அனுப்பிடுறேன். சொல்லப்போனா நேர்ல கேக்கிறத விட நல்ல பிரசங்கம். போன மாசம் ஊருக்குப் போனா, ஆராதனை முடிஞ்ச கையோட கமிட்டி எலெக்‌ஷன் தகராறு, வராந்தாவுலயே சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்க, அதே கோவிலுக்கு கோபுரத்த உசத்திக் கட்ட வசூல் வேற. அப்பா என்னடான்னா "நீ சபைய விட்டுப் போயிட்டலே"ன்னு வருத்தப்படுறார். ஜெபம் பண்றேன், பைபிள் வாசிக்கிறேன், அப்புறம் சர்ச்னு ஒண்ணு எதுக்கு? அதோட வேலைதான் என்ன?

கடலைமிட்டாய்:
ஏசி இருக்கிற சர்ச்சா பாருங்க பாஸ், மே மாசத்துக்கு அந்தக் காரணமே போதும்

பாளை அண்ணாச்சி:
தம்பி, உங்க அப்பா "கோவில விட்டுட்ட"ன்னு சொல்லல பாத்தீங்களா, "சபைய விட்டுட்ட"ன்னு சொல்லியிருக்காரு. நம்ம ஊர்ல கோவில்னா கட்டடம், சபைன்னா ஆளுங்க. பைபிள்ல வர்ற கிரேக்க வார்த்தை எக்ளேசியா, அதுக்கு கூடி வந்த ஜனம்னுதான் அர்த்தம், கோபுரம் மணி எதுவும் அதுல கிடையாது. ரோமர் 16ல (ரோம் சபைக்கு எழுதின கடிதம்) அப்போஸ்தலர் பவுல், பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா வீட்டுல கூடுற சபைக்கு வாழ்த்து சொல்றாரு, அவங்க கூடாரம் தைக்கிற புருஷன் பொண்டாட்டி, அவங்க வீடுதான் சர்ச். சிரியாவுல யூப்ரடீஸ் ஆத்தங்கரையில தூரா யூரோபோஸ்னு ஒரு பழைய ஊரு, அங்க 3ம் நூற்றாண்டு சர்ச் ஒண்ண தோண்டி எடுத்திருக்காங்க. அதுவும் சாதாரண குடியிருப்பு வீடுதான், ரெண்டு ரூமுக்கு நடுவுல இருந்த சுவத்த எடுத்துட்டு எல்லாரும் உக்கார மாதிரி ஒரே ரூமாக்கியிருக்காங்க, இன்னொரு ரூம்ல ஞானஸ்நானத் தொட்டி. அவ்வளவுதான் செலவு. (நம்ம கோபுரக் கமிட்டிய ஒருதடவை அங்க டூர் கூட்டிட்டுப் போகணும்.)

அப்ப அங்க என்னதான் பண்ணுனாங்கன்னா அப்போஸ்தலர் 2:42 பாருங்க, நாலு காரியம் இருக்கு: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இதுல உபதேசம் ஒண்ணுதான் உங்க போன்ல வருது. ஜெபம் ரூம்ல நீங்களே பண்ணிடுறீங்க, சரி. மத்த ரெண்டும்? அப்பத்த யாரோ பிட்டு கையில தந்தாத்தான் உண்டு. அந்நியோந்நியத்துக்கு எதிர்ல ஒரு ஆளாவது வேணும்லா.

சண்டையப் பத்தி சொன்னீங்க, அது எருசலேம் சபையிலயே ஆரம்பிச்சாச்சு. தினசரி சாப்பாடு பங்கிடுறதுல கிரேக்க மொழி பேசுற விதவைகள விட்டுட்டாங்கன்னு முறுமுறுப்பு, அப்போஸ்தலர் 6. ஆனா அது பசிச்ச விதவைக்காக வந்த சண்டை, அதத் தீர்க்கத்தான் ஏழு பேர பொறுப்புல வச்சாங்க. நம்ம ஆளுங்க சண்டை எதுக்குன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல.

கடைசி பெஞ்ச்:
அண்ணாச்சி சுவத்த எடுத்த கதை சொன்னீங்க, சுவத்த கட்டுன கதைய நான் சொல்றேன். உங்க மாவட்டம்தான், வடக்கன்குளம். 1870கள்ல கட்டுன கத்தோலிக்க கோவில், பீடத்துல இருந்து கால்சட்டை மாதிரி ரெண்டா பிரியும், ஒரு கால்ல ஒரு சாதி, இன்னொரு கால்ல மத்தவங்க, நடுவுல சுவர். பூசை வைக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும், இவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியாது. 1910லதான் அந்தச் சுவர இடிச்சாங்க, அதுக்கும் ஒரு கோஷ்டி கோர்ட்டுக்குப் போயி மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் இழுத்து தோத்தாங்க. சி.எஸ்.ஐ.காரங்க சிரிக்க வேணாம், 1833லயே கல்கத்தா பிஷப் (சி.எஸ்.ஐ.க்கு முன்னாடி இருந்த ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து சபை) டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி கூடவே கூடாதுன்னு கடுதாசி போட்டாரு, தஞ்சாவூர் பக்கமெல்லாம் சாதிய விட மாட்டோம்னு சபைய விட்டுப் போனவங்க உண்டு.

கொரிந்து சபையில வசதியானவங்க முன்னாடியே வந்து தின்னு குடிச்சுட்டு, லேட்டா வர்ற ஏழைய பட்டினி போட்டதுக்கு பவுல் கேக்கிறாரு, சாப்பிட உங்களுக்கு வீடு இல்லையான்னு. என்னைக் கேட்டா சர்ச்சோட வேலை அதுதான், வெளிய ஒண்ணா உக்காராதவங்கள உள்ள ஒரே பந்தியில உக்கார வைக்கிறது. அது நடக்கலைன்னா நீங்க பாட்டு பாடி பிரசங்கம் கேட்டு என்ன செஞ்சாலும் அது ஒரு சாதி சங்கம், ஞாயித்துக்கிழமை மட்டும் மீட்டிங். எங்க ஊர்ல இப்பவும் ரெண்டு கல்லறைத் தோட்டம் இருக்கு. நான் சர்ச்சுக்குப் போறேன், ஆனா போறப்பெல்லாம் அந்த ரெண்டாவது கல்லறை வழியாத்தான் போறேன்.

மரியாள் நகர்:
கடைசி பெஞ்ச் சொன்னதுல ஒரு வார்த்தையக்கூட மறுக்க மாட்டேன், நானும் கத்தோலிக்கப் பொண்ணுதான். ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் (உலகம் முழுக்க இருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடின சங்கம், 1962ல இருந்து 65 வரை நடந்துச்சு) திருச்சபைன்னா இறைமக்கள்னு எங்களுக்கு மறைக்கல்வியில சொல்லித்தருவாங்க, சின்னதுல எனக்கு அது பரிட்சைக்குப் படிச்ச பதில், அவ்வளவுதான். அம்மா போனப்பதான் புரிஞ்சுது. நாங்க இருந்தது வாடகை வீடு, சொந்தக்காரங்க யாரும் பக்கத்துல இல்ல, ராத்திரி ரெண்டு மணி. எங்க அன்பியத்துல (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு) இருந்து பதினோரு பேர் வந்துட்டாங்க, அதுல ஒருத்தங்ககிட்ட அம்மா தண்ணி பிடிக்கிற இடத்துல சண்டை போட்டு ரெண்டு வருஷமா பேச்சே கிடையாது. அவங்கதான் அம்மாவுக்கு புடவை கட்டிவிட்டாங்க. அதே வாரம் ஆன்லைன்ல எனக்கு நூத்துக்கணக்குல ஆர்.ஐ.பி. வந்துச்சு, தப்பா சொல்லல, ஆனா பிரீசர் பெட்டிய தூக்க ஆள் வேணும்ல.

ஸ்தோத்திரம் பிரதர்:
பிரதர் நான் பெந்தெகொஸ்தே. எல்லாரும் உள்ள இருக்கிறவங்களப் பத்தியே பேசுறீங்க, வெளிய இருக்கிறவன் என்ன ஆவான். இதுல உங்க சி.எஸ்.ஐ. தாத்தா பாட்டிங்கள நான் மெச்சுவேன், அவங்களே ஏழைங்க, 1903ல பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சு, மொழி கூடத் தெரியாத தோர்ணக்கல்லுக்கு, தெலுங்கு நாட்டுக்கு ஊழியர அனுப்பினாங்க, அதுல இருந்த அசரியாதான் 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப். வெள்ளக்காரன் பணத்த எதிர்பாக்காம நடத்துனாங்க. உலை வைக்கிறப்ப ஒரு பிடி அரிசிய தனியா எடுத்து வச்சு கோவிலுக்குக் கொண்டு வருவாங்களே, பிடியரிசி காணிக்கை, அது தனக்காக எடுத்து வச்சது இல்லையே. எங்க சபைகள்லயும் பாஸ்டர் குடும்பச் சொத்து மாதிரி ஆயிட்ட இடங்கள் இருக்கு, மறைக்கல.

பாளை அண்ணாச்சி:
பிரதர் சொன்னது நியாயம், நான் விட்டுட்டேன். தம்பி ஒரே ஒரு கேள்வி, அந்த லைவ் நடத்துற சபையில ஒருத்தருக்காவது உங்க பேரு தெரியுமா? அடுத்த வாரம் நீங்க லைவ்ல இல்லைன்னா யாராவது ஏன்னு கேப்பாங்களா?

ஓஎம்ஆர்வாசி:
இல்ல அண்ணாச்சி. ரெசீப்ட்ல மட்டும் பேரு வரும்.

இந்தக் கேள்வி ரெண்டு நாளா உறுத்திட்டே இருந்துச்சு, இன்னைக்கு ரூம்ல இருந்து பத்து நிமிஷ நடையில இருக்கிற சின்ன சபைக்குப் போனேன். பிரசங்கம் சுமார், மைக் வேற கீச்சுன்னு கத்துச்சு. முடிஞ்சதும் நழுவலாம்னு பாத்தா ஒரு பெரியவர் வாசல்ல நிறுத்தி "எந்த ஊரு, யாரு மகன்"னு ஆரம்பிச்சு எங்க பெரியப்பா வரைக்கும் போயிட்டாரு. அடுத்த வாரம் சபை நாள் சாப்பாடாம், எண்பது சேர் அடுக்கணும், எட்டு மணிக்கே வந்துருன்னு சொல்லிட்டாரு. அந்தக் கோபுர வசூலுக்கு மட்டும் தர மாட்டேன், அதுல மாத்தம் இல்ல.

கடைசி பெஞ்ச்:
சேர் அடுக்குங்க. யார் யார் பக்கத்துல உக்காருறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.