நாட்டுக்கோழிகளுக்கு ஒவ்வொன்றாகக் கால் விழுகிறது: வெள்ளைக்கழிச்சலா, வேறு நோயா?

கேள்வி: லத்தேரியிலிருந்து

வணக்கம். அவசரமாக ஆலோசனை வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா நாட்டுக்கோழி வளர்க்கிறார். பகலில் கொல்லையிலும் நிலத்திலும் மேயும். இரவில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பழைய மண்சுவர்க் கொட்டிலில் அடையும்.

முதலில் விழுந்தது முட்டையிடும் பெட்டை ஒன்று. மாலை வரை நன்றாக மேய்ந்தது. காலையில் கதவைத் திறந்தபோது எழுந்திருக்கவில்லை. இரண்டு காலும் துவண்டு கிடக்கின்றன. கொண்டை வெளுத்துவிட்டது, எச்சம் பச்சையாகப் போகிறது. ஆனால் தீனியை அலகருகே வைத்தால் கொத்துகிறது.

அடுத்தது நான்கு மாத விடைக்கோழி. கொஞ்ச நாளாகவே நொண்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு காலை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறது.

இவை போதாதென்று, இந்த முறை பொரித்த குஞ்சுகளில் இரண்டு, கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு தவழ்வதுபோல் நடக்கின்றன.

பக்கத்து வீட்டார், “வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது, ஒன்றும் தேறாது. நல்லதாக இருக்கும்போதே செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் தள்ளிவிடுங்கள்” என்கிறார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. முட்டை விற்ற காசும், திருவிழாவுக்குச் சேவல் விற்ற காசும்தான் அவருடைய சொந்தக் காசு. தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. இது ஒரே நோயா? எதைக் காப்பாற்றலாம்?

பதில்: ஆரணியிலிருந்து

சந்தைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். சென்ற கோடையில் எங்கள் தெருவுக்குச் சீக்கு வந்த வழியே அதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ சந்தையில் வாங்கிவந்த இரண்டு கோழிகள், மற்ற வீட்டுக் கோழிகளோடு சேர்ந்து மேய்ந்தன. பிறகு தெருவில் சேவல் கூவும் ஓசையே இல்லாமல் போயிற்று. விழுந்ததைத் தனியே வையுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாகச் சீக்குக் கோழியிடம் போங்கள். கையையும் காலையும் கழுவாமல் திரும்ப வராதீர்கள்.

பதில்: வாலாஜாவிலிருந்து (ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்)

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். கால் விழுந்தாலே வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். அதனால் பிழைக்கக்கூடிய கோழிகள்கூடக் குழம்புக்குப் போகின்றன. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே நோயாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் இவ்வளவு பொறுமையாக வராது. தடுப்பூசி போடாத மந்தையில் அது புகுந்தால் சில நாட்களுக்குள் பல கோழிகள் சுருண்டுவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இரை எடுக்காது, வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர்போல் கழியும். தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், இறக்கையும் காலும் இழுத்துக்கொள்ளும். பச்சை எச்சம் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது; எந்த நோயிலும் கோழி இரை குறைந்து கிடந்தால் எச்சம் பச்சையாகும். உங்கள் பெட்டை கொத்தித் தின்கிறது, கழுத்து கோணியதாகவும் நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் அதை முழுதாக ஒதுக்கிவிட மாட்டேன். மற்றவற்றைக் கவனித்தபடி இருங்கள்.

விடைக்கோழியின் நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்பது மேரக்ஸ் நோய்க்குச் சொல்லிவைத்த அடையாளம். காலுக்குப் போகும் பெரிய நரம்பு வீங்கிப்போவதால் அப்படி ஆகிறது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்கு மேற்பட்ட இளங்கோழிகளில்தான் தெரியவரும். சிலவற்றுக்குக் கருவிழி சாம்பல் நிறமாகிப் பார்வையும் போகும். கிருமி இறகுத் தூசியில் கலந்து பரவும். கொட்டிலில் பல மாதம் உயிரோடு இருக்கும். இதற்கு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த அன்றே போடவேண்டிய தடுப்பூசி ஒன்று உண்டு, ஆனால் வீட்டில் அடைவைத்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு அது கிடைப்பது அரிது. மனிதருக்கு இந்த நோய் வராது.

குஞ்சுகள் விரல் மடக்குவது பி2 சத்துக் குறைவாக இருக்கலாம். வெறும் குருணையும் சோறும் தின்னும் குஞ்சுகளுக்கு இது வரும். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பி காம்ப்ளெக்ஸ் நீர்மருந்தைப் பாட்டிலில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். ஆரம்பத்தில் கொடுத்தால் விரல் நிமிரும். நாள்பட்டால் நரம்பு கெட்டுவிடும், பிறகு நிமிராது. வேகவைத்த முட்டையை மசித்துக் கொடுப்பதும், கீரையை நறுக்கிப் போடுவதும், கறையான் கிடைத்தால் போடுவதும் நல்லது.

இனி அந்தப் பெட்டை. முட்டை வயிற்றில் சிக்கியிருக்கிறதா என்று ஆசனவாய்ப் பக்கம் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் முட்டைக் கோழி உட்கார்ந்துவிடும். செத்த எலியையோ அழுகிய சடலத்தின் புழுவையோ தின்றிருந்தால் பாட்டுலிசம் என்னும் நஞ்சுநோய் வரலாம்; அதில் கால் முதலில் துவண்டு, பிறகு இறக்கை, கடைசியில் கழுத்தும் தொங்கிவிடும். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு செய்தி என்னை வேறு பக்கம் திருப்புகின்றன: கொண்டை வெளுத்திருக்கிறது, கொட்டில் பழைய மண்சுவர். இன்று இரவு நன்றாக இருட்டிய பிறகு டார்ச் எடுத்துப்போய்ச் சுவர் விரிசலையும், கோழிகள் அடையும் கழியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். விழுந்த கோழியின் இறக்கைக்கு அடியில் தோலைப் பிரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பதில்: குடியாத்தத்திலிருந்து

நோயின் பெயரை ஐயா சொல்லட்டும். கால் விழுந்த கோழி பல நேரம் நோயால் சாவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் சாகிறது. நம் வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அரை நாள் போதும். அதனால் இதைச் செய்யுங்கள்.

ஒரு கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்கோலைக் கனமாகப் பரப்பி, துணியைச் சுருட்டி இரண்டு பக்கமும் அணை கொடுத்துக் கோழியை நிமிர்த்தி உட்காரவையுங்கள். சாய்ந்தே கிடந்தால் மூச்சு முட்டும், நெஞ்செலும்பில் புண் வரும். பகலில் சில முறை இடம் மாற்றி வையுங்கள். அடியில் எச்சம் சேர விடாதீர்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாக ஆறவைத்துச் சிறு உருண்டையாகக் கொடுக்கலாம். மற்ற கோழிகள் கொத்தாத இடத்தில், ஆனால் அவற்றின் சத்தம் கேட்கும் இடத்தில் வையுங்கள். தனியாக வைத்தால் இரை எடுக்காத கோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

வைகாசி முதல் நாள் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டி எங்கிருந்தெல்லாமோ கோழி வந்து இறங்கும். அந்தச் சமயத்தில் வெளிக்கோழி எதையும் என் கொல்லைக்குள் விடமாட்டேன். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டிவைத்த பிறகுதான் சேர்ப்பேன்.

கேட்டவர், லத்தேரி

ஐயா, பார்த்துவிட்டேன். உடம்பு கூசிவிட்டது. சுவர் விரிசலிலும் கழியைக் கட்டியிருந்த கயிற்று முடிச்சிலும் தட்டையான உண்ணிகள் கூட்டமாக ஒளிந்திருக்கின்றன. பெட்டையின் இறக்கை அடியில் கருநீலமாகக் கடுகு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பகலில் பலமுறை அந்தக் கொட்டிலைப் பெருக்கியும் அம்மா கண்ணில் ஒன்றும் படவில்லை.

பதில்: வாலாஜாவிலிருந்து

பகலில் படாது. கோழி உண்ணி இருட்டில் வெளியே வந்து இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் விரிசலுக்குள் போய்விடும். உண்ணியின் குஞ்சுகள் மட்டும் நாள்கணக்கில் கோழியின் மேலேயே ஒட்டியிருக்கும். அவற்றின் உமிழ்நீரில் உள்ள நஞ்சால் கால் துவண்டுபோகும். உண்ணியை எடுத்துவிட்டால் பல கோழிகள் தாமாகவே எழுந்துவிடும். அதே உண்ணி ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சலையும் ஏற்றிவிடும். அதிலும் தூக்கம், பச்சை எச்சம், கால் விழுதல் எல்லாம் உண்டு. அது பெனிசிலின் வகை ஊசிக்குக் கேட்கும். எது என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். நீங்களாக ஊசி போடாதீர்கள். ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள்வரை அந்தக் கோழியின் முட்டையை உண்ண வேண்டாம்.

கொட்டில்தான் பெரிய வேலை. கோழிகளை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், ஆனால் மேலே ஒட்டியிருப்பவற்றை எடுத்த பிறகு. பழைய கழியையும் கயிற்றையும் எரித்துவிடுங்கள். விரிசலை மண்ணோ சிமென்டோ வைத்து அடைத்து, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடியுங்கள். புதிய கழியைச் சுவரில் செருகாமல் தனிக்கால் நட்டு நிறுத்துங்கள். தெளிக்கும் மருந்தையும் அதன் அளவையும் மருத்துவரிடம் கேளுங்கள். நிலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழிமேல் அடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிகொடுத்த வீடுகள் உண்டு. கொட்டிலைச் சும்மா பூட்டிவைத்தால் உண்ணி பட்டினியால் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரத்தமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

பதில்: போளூரிலிருந்து

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து உருண்டையாகக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு மேல் எதுவும் கொடுத்ததில்லை.

பதில்: குடியாத்தத்திலிருந்து

அண்ணா, நானும் அந்த உருண்டையைக் கொடுக்கிறேன், இரை எடுக்காத கோழி கொஞ்சம் தெளிகிறது. ஆனால் வெள்ளைக்கழிச்சலைத் தடுப்பதற்கு ஊசி ஒன்றுதான் வழி. உருண்டை கொடுத்துவிட்டோம் என்று ஊசியை விட்டுவிடக் கூடாது.

பதில்: ஆம்பூரிலிருந்து

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு இரத்தமாகக் கழிகின்றன. இதற்கும் பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கலாமா?

பதில்: வாலாஜாவிலிருந்து

வேண்டாம். அது இரத்தக்கழிச்சலாக இருக்கக்கூடும், ஈரமான தரையில் வரும். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்த மருந்து பி1 சத்தைத் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. கூடவே பி சத்து மருந்தும் கொடுத்தால் இரண்டும் வீணாகும். படுக்கையைக் காயவையுங்கள்.

கேட்டவர், லத்தேரி

எல்லாருக்கும் நன்றி. கால்நடை உதவிக்கான 1962 தொலைபேசி எண்ணில் கேட்டு, அவர்கள் சொன்னபடி கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் உண்ணிகளைப் பிடுங்கி எடுத்து, ஊசியும் போட்டார். பெட்டை இப்போது தள்ளாடினாலும் தானே நடந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறது. குஞ்சுகளில் ஒன்றுக்கு விரல் நன்றாக நிமிர்ந்துவிட்டது. மற்றது இன்னும் மடக்கியே நடக்கிறது, ஆனால் இரை எடுக்கிறது. விடைக்கோழி பிழைக்கவில்லை. மருத்துவர் அறுத்துப் பார்த்தார். ஒரு தொடையின் நரம்பு மெல்லியதாக வெள்ளையாக இருந்தது. மற்றதில் தடித்து மஞ்சளாக இருந்தது. ஐயா சொன்ன நோய்தான் என்றார். பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டோம். கோழிகளைச் சந்தைக்கு அனுப்பவில்லை.

மீதிக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போடலாமா? முட்டையிடும் கோழிகளும் இருக்கின்றன.

பதில்: வாலாஜாவிலிருந்து

போடுங்கள். நலமாக இருக்கும் கோழிகளுக்கு மட்டும். ஒரு வாரம் முன்பாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டு வாரம் கடந்தவற்றுக்கு இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி. அந்த ஊசியை எட்டு வாரத்துக்கு முன் போடவே கூடாது. வீரியம் கூடியது, சிறு குஞ்சுகளுக்கு அதுவே காலை இழுத்துவிடும். முட்டைக் கோழிகளுக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையலாம், பிறகு சரியாகிவிடும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இந்தத் தடுப்பூசி தயாராகிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம்தான். ஆனால் நீங்கள் அங்கே போகவேண்டியதில்லை; உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் ஊசி போடும் கிழமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும், அதுவரை ஐஸில் இருக்கவேண்டும். ஒரு புட்டி பல கோழிகளுக்கு வரும். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லாரையும் ஒரே காலையில் கொண்டுவரச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்து வீட்டாரையும் சேர்த்து.