தைப்பூச நடை: குழுவுல நாலு சுகர்காரங்க, நாலு விதமான மருந்து. கூட நடக்கறவங்க என்ன தெரிஞ்சு வெச்சுக்கணும்?

சென்னிமலையான் எழுதியது:

வணக்கமுங்க. சென்னிமலையிலிருந்து காங்கயம், தாராபுரம் வழியாப் பழனிக்கு வர்ற தைப்பூசத்துக்கு நடக்கறோம். நாலு பகல், மூணு ராத்திரி. விடியக்காலம் 3 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறறதுக்குள்ள எங்கயாவது ஒதுங்கிக்குவோம். மறுபடி சாயங்காலம் 4 மணிக்கு நடை. சாமான் ஏத்த ஒரு டெம்போ கூடவே வரும்.

குழுவுல சுகர் இருக்கறவங்க நாலு பேரு.

பெரியப்பா, வயசு 68. கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ் மூணும் சேர்ந்த மாத்திரை. பாதம் மதமதப்பு உண்டு, ஆனா வெறுங்காலோடதான் நடப்பேன்னு வேண்டுதல்.

அத்தை, 59. 30/70 இன்சுலின், பாட்டிலும் சிரிஞ்சும். காலைல 24 யூனிட், ராத்திரி 14.

மச்சான், 44. டாபாகிளிப்ளோசினும் மெட்பார்மினும். சோறு, களி, பழம் எதுவும் தொடறதில்ல. முட்டையும் தேங்காயும் கடலையும்தான்.

அக்கா மக, 17. டைப் 1. பேனா இன்சுலின் நாலு வேளை, கையில சுகர் காட்டற சென்சார் ஒட்டியிருக்கு.

எனக்கு ரெண்டு சந்தேகமுங்க. டெம்போவுல என்னென்ன வெச்சுக்கணும், யாருக்கு என்ன ஆனா என்ன பண்ணணும்ங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, இவங்களே ஒருத்தருக்கொருத்தர் வைத்தியம் சொல்லிக்கறாங்க. பெரியப்பா அந்தப் புள்ளகிட்ட "இத்தனை தூரம் நடக்கறப்ப ஊசி எதுக்குக் கண்ணு"ங்கறார். மச்சான் "சோத்தை விட்டா எல்லாம் சரியாப் போயிரும்"னு அத்தையைப் பிடிச்சுக்கறார். இதை எப்படிச் சமாளிக்கறது?

---

வார்டு சிஸ்டர் பதில்:

நாலு பேருக்கும் வியாதிப் பேரு ஒண்ணுதான். ஆபத்து வேற வேறங்க. நடக்கறப்ப லோ ஆகக்கூடியவங்க, அதாவது சுகர் ரொம்ப இறங்கிப் போகக்கூடியவங்க, பெரியப்பா, அத்தை, அந்தப் புள்ள மூணு பேரும். மச்சானோட மருந்துல லோ ஆகறது அபூர்வம், அவருக்கு வேற ஒரு பயம் இருக்கு. டோஸ் மாத்தறதை அவங்கவங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். கிளம்ப ரெண்டு வாரம் முன்னாடியே போயி, "பழனிக்கு நடக்கறேன்"னு மட்டும் சொல்லாம, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு எந்திரிக்கறது, முதல் சாப்பாடு எப்பங்கறதையும் சொல்லி எழுதி வாங்கிக்குங்க.

அத்தைக்கு உங்க 3 மணிதான் சிக்கல். 30/70-ல எழுபது பங்கு மெதுவா வேலை செய்யறது. அது போட்ட நாலு மணி நேரத்துக்கு அப்புறம்தான் உச்சத்துக்கு வரும். ராத்திரி 8 மணிக்குப் போட்டா நடுராத்திரியிலிருந்து விடியற வரைக்கும் வேகமா இருக்கும். அதே நேரத்துல வெறும் வயித்துல நடக்க விடறீங்க. அதனால 2.45-க்கு ஒரு தடவை விரல்ல குத்திச் சுகர் பாருங்க. 100-க்குக் கீழ இருந்தா ஒரு வாழைப்பழமோ நாலு மேரி பிஸ்கட்டோ தின்னுட்டு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்த்துட்டு நடக்கட்டும். காலை ஊசியோட உச்சம் மத்தியானத்துல வரும், அன்னிக்கு மதியச் சாப்பாடு தள்ளிப் போகக்கூடாது. தொடையில போடாம வயித்துல போடச் சொல்லுங்க. நடக்கற கால்ல போட்ட மருந்து சீக்கிரம் ஏறும்.

அன்னதானப் பந்தல்ல இன்னொரு தப்பு நடக்கும். 30/70 சாதா இன்சுலினைச் சாப்பிட அரை மணி முன்னாடி போடணும்னு சொல்லியிருப்பாங்க. வரிசையில நிக்கறப்பவே போட்டுட்டா, சோறு ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா என்ன பண்ணுவீங்க? இந்த நாலு நாளைக்கு இலையில சோறு விழுந்ததுக்கப்புறம் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க. சாப்பிட்டப்புறம் சுகர் கொஞ்சம் ஏறினாப் பரவால்ல, ரோட்டோரத்துல மயங்கி விழறதுதான் ஆபத்து.

பெரியப்பா மாத்திரையில கிளிமிபிரைடு லோ பண்ணும். சாப்பிடாம முழுங்கவே கூடாது. 3 மணிக்கு இல்ல, டிபன் வர்றப்பத்தான். கூடவே வோக்லிபோஸ் இருக்கறதைக் கவனிங்க, இது பல பேருக்குத் தெரியாது. சர்க்கரையைக் குடல்ல உடைக்கற வேலையைத்தான் அது தடுக்குது. லோ ஆனப்ப சீனி, நாட்டுச்சர்க்கரை, மிட்டாய், கரும்புச் சாறு எது குடுத்தாலும் மெதுவாத்தான் ஏறும். அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் குடுக்கணும். பழச்சுவை போட்ட பாக்கெட்டுகள்ல வெறும் சர்க்கரை கலந்திருக்கலாம், லேபிள்ல டெக்ஸ்ட்ரோஸ்னு இருக்கறதாப் பார்த்து வாங்குங்க. எல்லாருக்கும் அதையே வெச்சுக்கிட்டா குழப்பமே வராது.

லோன்னா 70-க்குக் கீழ. வேர்வை, கை நடுக்கம், திடீர்க் கோபம், பேச்சுக் குழறல், நடை தள்ளாடறது. மீட்டர் கைக்கு எட்டலேன்னா தேடிட்டு நிக்காதீங்க, முதல்ல குடுங்க. 15 கிராம், அதாவது தலை தட்டி மூணு டீஸ்பூன் குளுக்கோஸ், அரை டம்ளர் தண்ணியில. உட்கார வெச்சு 15 நிமிஷம் கழிச்சுப் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழ இருந்தா மறுபடி அதே அளவு. ஏறினதுக்கப்புறம் ரெண்டு இட்லியோ பிஸ்கட்டோ குடுங்க, இல்லேன்னா மறுபடி இறங்கும். நினைவில்லாதவங்க வாயில ஒரு சொட்டுக்கூட ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108. பெரியப்பா மயங்கி, அப்புறம் தெளிஞ்சுட்டார்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயே ஆகணும். கிளிமிபிரைடு ஒரு நாள் பூரா உடம்புல இருக்கும், மூணு மணி நேரம் கழிச்சு மறுபடியும் இழுத்துப் போடும்.

மச்சானுக்கு வர்றேன். டாபாகிளிப்ளோசின் சர்க்கரையை மூத்திரத்துல வெளியே தள்ளற மருந்து, கூடவே தண்ணியும் போகும். அவர் சோறும் திங்கறதில்ல, நாள் பூரா நடை, வேர்வை. இது மூணும் சேர்ந்தா உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப வர்ற கீட்டோன் ரத்தத்துல ஏறி அமிலமாயிரும். இதுல மோசம் என்னன்னா மீட்டர்ல 180, 200-ன்னு சாதாரணமாத்தான் காட்டும். குமட்டல், வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறது இதுல எது வந்தாலும் "வெயில்தான்"னு எலுமிச்சைத் தண்ணி குடுத்து உட்கார வெக்காதீங்க. ஆஸ்பத்திரியில மருந்துப் பேரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்க. நடையும் விரதமும் இருக்கற நாள்ல இந்த மாத்திரையை நிறுத்தி வெக்கலாமான்னு அவர் கண்டிப்பா டாக்டரைக் கேட்கணும். அவரோட சாப்பாட்டு முறை அவருக்கு ஒத்துப் போயிருக்கலாம், அதைக் கேலி பண்ண வேண்டியதில்ல. ஆனா அத்தை 24 யூனிட் போட்டுட்டு அவர் பேச்சைக் கேட்டுச் சோத்தை விட்டா, அன்னிக்கே லோதான்.

---

சென்சார் அம்மிணி பதில்:

டைப் 1 பத்தி மட்டும் சொல்றேங்க. பெரியப்பாகிட்ட ஒரே ஒரு விஷயத்தைத் தனியாக் கூப்பிட்டு, புள்ள காதுல விழாம சொல்லுங்க: அவர் கணையத்துல இன்சுலின் கொஞ்சமாவது சுரக்குது, அவளுக்குச் சுரக்கறதே இல்ல. நடந்தாலும், சாப்பிடலேன்னாலும், வாந்தி எடுத்தாலும், அவ போடறதுல நாள் பூரா மெதுவா வேலை செய்யற அந்த நீண்ட நேர ஊசியை நிறுத்தவே கூடாது. நிறுத்தினா ஓரிரு நாள்ல கீட்டோன் ஏறி ஐசியூ. குறைக்கலாம். நீண்ட நடை நாள்ல அதை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கறதும், நடைக்கு முந்தின சாப்பாட்டு ஊசியைப் பாதி வரைக்கும் குறைக்கறதும் வழக்கமா டாக்டருங்க சொல்றதுதான். அவளுக்கான கணக்கை அவளோட டாக்டர் போட்டுக் குடுப்பார்.

கிளம்பறப்ப 126-லிருந்து 180-க்குள்ள இருந்தா நல்லது. 90-க்குக் கீழ இருந்தா முதல்ல சாப்பிடணும். 270-க்கு மேல போயி, காரணமும் தெரியலேன்னா கீட்டோன் ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்காம நடக்கக் கூடாது. நடுவுல அவளுக்கு மணிக்கு ஒரு தடவை ஏதாவது மாவுச்சத்து தேவைப்படும். ஒரு வாழைப்பழத்தைக் கையில வெச்சுக்கிட்டு அவ தின்னா "சுகர்காரி பழம் திங்கறா பாரு"ன்னு யாரும் பேசக் கூடாது, அது அந்த நேரத்துக்கு அவளோட மருந்து.

சென்சார் தோலுக்கடியில இருக்கற நீரைத்தான் அளக்குது, ரத்தத்தை இல்ல. நடையில சுகர் வேகமா இறங்கறப்ப 10 நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். 95 காட்டி அம்புக்குறி கீழ பார்த்தா உண்மையில 75-ஆ இருக்கலாம். உடம்பு ஒரு மாதிரி இருக்குன்னு அவ சொன்னா விரல்ல குத்திப் பாருங்க. ராத்திரி அந்தக் கை மேல சாஞ்சு படுத்தாலும் பொய்யா லோ அலாரம் அடிக்கும், புரண்டு படுக்கச் சொல்லி விரல்ல ஒரு தடவை பார்த்தாப் போதும். நிஜமான லோவும் ராத்திரியிலதான் வரும். பகல் பூரா நடந்த தசை, தூங்கறப்பவும் சர்க்கரையை இழுத்துக்கிட்டே இருக்கும். படுக்கப் போறப்ப ஒரு தடவை, ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை பாருங்க. நீங்கதான் 3 மணிக்கு எந்திரிக்கறீங்களே, பெரிய சிரமமில்ல.

விரலைக் கழுவித் தொடைச்சுட்டுக் குத்தணும். பஞ்சாமிர்தமோ வாழைப்பழமோ தொட்ட விரல்ல குத்தினா, நிஜத்துல 110 இருக்கறப்பவும் 300 காட்டும். அதை நம்பி அவ ஊசியைக் கூட்டிப் போட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. சோப்பு இல்லேன்னா வெறும் தண்ணியில கழுவுங்க, அதுவும் முடியலேன்னா முதல் சொட்டைத் தொடைச்சுட்டு ரெண்டாவது சொட்டை எடுங்க.

உதவின்னா, "இப்ப எவ்வளவு காட்டுது"ன்னு அரை மணிக்கொருக்கா கேட்கறது இல்லீங்க. லோ ஆனா யார் கூட உட்காரணும், குளுக்கோஸ் யார் பையில இருக்குங்கறதை அவகிட்டயே கேட்டு முடிவு பண்ணுங்க. குழு முன்னாடி போயிட்டு, அவ தனியா ரோட்டோரம் உட்கார்ந்திருக்கற மாதிரி விட்டுறாதீங்க.

---

சென்னிமலையான்:

ரொம்ப நன்றிங்க. மச்சான் மாத்திரை விஷயம் எங்களுக்குச் சுத்தமாத் தெரியாது. பெரியப்பா செருப்புக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறார். "முருகனுக்கு நேர்ந்தது"ங்கறார். என்ன பண்ணலாம்?

---

கால் வைத்தியம் பதில்:

மதமதப்பு இருக்கிற காலில் வலி தெரியாது. அதனால்தான் ஆபத்து. வேலமுள் குத்தி உள்ளேயே முறிந்திருக்கும், பதினோரு மணித் தார்ச்சாலை உள்ளங்காலைப் பொசுக்கியிருக்கும், அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார். புண் இருப்பது சீழ் வாடை வந்த பிறகுதான் தெரியவரும். ஏற்கனவே புண்ணோ, நிறம் மாறிய கால் ஆணியோ (தடித்துப்போன தோல்) இருந்தால் நடையே வேண்டாம், டெம்போவில் வரட்டும்.

வேண்டுதலை மறுத்துப் பேசினால் வேலைக்கு ஆகாது. சாலை முழுக்க எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்பட்டி வைத்தது. பழனி கிரிவீதியிலிருந்து வெறுங்கால் என்று கேட்டுப் பாருங்கள். படியில் எப்படியும் செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். 693 படி. வெயிலுக்கு முன் விடியற்காலையில் ஏற்றுங்கள், யானைப்பாதை வழியாக என்றால் சரிவு மெதுவாக இருக்கும். செருப்பு புதிதாக இருக்கக் கூடாது. ஒரு மாதம் முன்பே வாங்கி, முதல் நாள் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்குங்கள். உள்ளே கை விட்டுத் தடவிக் கல், ஆணி இல்லையென்று பார்த்த பிறகே ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும்.

ஒதுங்குகிற ஒவ்வொரு இடத்திலும் வேறொருவர் அவர் காலைப் பார்க்க வேண்டும். செல்போன் டார்ச் அடித்து உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு. அவர் குனிந்து பார்ப்பது போதாது. கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள், தோலை உரிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, காஸ் துணி வைத்து மூடி, அவரை டெம்போவில் ஏற்றுங்கள்.

சாயங்காலம் உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைப்பது எல்லாக் குழுவிலும் நடக்கும். அவருக்கு மட்டும் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். வழியில் தைலம் தேய்த்துவிடுகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். தேங்காயெண்ணெய் குதிகாலுக்குப் போடலாம், விரலிடுக்கில் வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். சண்முகநதியில் குளித்துவிட்டு வந்ததும் விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும்.

அத்தைக்கும் இதெல்லாம் பொருந்தும். மதமதப்பு இல்லை என்று அவர் சொல்வதை நம்பாமல், ஒரு முறை டாக்டரிடம் பாதத்தில் நைலான் இழை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளட்டும்.

---

மாத்திரைக்கடை பதில்:

டெம்போ சாமான் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்லிர்றேன்.

அத்தையோட பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. புள்ளையோட பேனா மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட். அத்தை பாட்டில் உடைஞ்சு போச்சுன்னு பேனாவிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுல 24 கோடு வரைக்கும் உறிஞ்சினா, உள்ள போறது 60 யூனிட். மருந்து வகையும் வேற. அவசரத்துல இதைச் செய்யற ஆளுங்க இருக்காங்க. ஆளுக்கொரு டப்பா, மேல பேரு. பாட்டில் ரெண்டு, பேனா ரெண்டு, ஒண்ணு டெம்போவுல, ஒண்ணு நடக்கறவங்க பையில.

30/70-ஐ உள்ளங்கையில 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாச் சாய்ச்சு, ஒரே பால் நிறமானதும் எடுக்கணும். குலுக்கக் கூடாது. கட்டி கட்டியா நின்னா அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. பேனாவுல இருக்கற தெளிஞ்ச மருந்து கலங்கியிருந்தாலும் அப்படித்தான்.

பிரிச்ச இன்சுலின் 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் வெளிய தாங்கும், தை மாச ராத்திரிக்குப் பயமில்ல. பகல்ல பூட்டி நிறுத்தின டெம்போவுக்குள்ளதான் கெடும். ஐஸ் பெட்டின்னா மருந்து ஐஸ் மேல படக் கூடாது, துண்டுல சுத்தி வையுங்க. உறைஞ்சு உருகின இன்சுலின் வேலை செய்யாது. ஐஸ் கிடைக்கலேன்னா சின்ன மண்சட்டியில ஈரத்துணி சுத்தி நிழல்ல வெச்சாலே போதும்.

குளுக்கோஸ் பவுடர் அரை கிலோ. அதை 15 கிராமாப் பொட்டலம் கட்டி, முன்னாடி போறவங்க, நடுவுல வர்றவங்க, கடைசியா வர்றவங்க மூணு பேர் பையில பிரிச்சு வையுங்க, மொத்தமா டெம்போவுல இருந்தா ரெண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். மீட்டர் ரெண்டு, அந்தந்த மீட்டருக்கான ஸ்ட்ரிப், கீட்டோன் ஸ்ட்ரிப், காஸ், பிளாஸ்டர். போட்ட ஊசிகளைத் தண்ணிப் பாட்டில்ல போட்டு மூடி இறுக்கிக் கொண்டாந்துருங்க. அங்க வெறுங்காலோட ஆயிரக்கணக்குல நடப்பாங்க, ரோட்டுல போட்டுறாதீங்க.