15 வயது மகனுக்கு ஓசிடி: மாத்திரை ஆரம்பிக்கலாமா?

மழைக்குருவி:

என் மகனுக்கு ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவோ கேட்கவோ வைக்கும் மனநோய்) என்று மனநல மருத்துவர் உறுதி செய்துவிட்டார். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பது எதுவும் இவனிடம் இல்லை. எல்லாம் மண்டைக்குள்தான். தங்கையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வருகிறது, வந்ததும் ஆடிப்போகிறான். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், இப்போது அவள் இருக்கும் அறைக்குள்கூட வருவதில்லை. கத்திகளை பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னான், பூட்டிவிட்டேன். காய் நறுக்க வேண்டுமென்றால் அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து எடுக்கிறேன். ராத்திரி என் கட்டிலருகே வந்து நின்று, "அம்மா, நான் அப்படிச் செய்ய மாட்டேன்தானே?" என்பான். "செய்ய மாட்டேடா, போய்ப் படு" என்றால் போவான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவான். "போன தடவை சொன்ன மாதிரி நீ சொல்லலையே" என்பான். என் குரல் லேசாக இறங்கியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறான்.

செர்ட்ராலின் என்ற மாத்திரையை 25 மில்லிகிராமில் ஆரம்பித்து, கூடவே ஈஆர்பி சிகிச்சையும் (பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, பயத்தைத் தணிக்கச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது) தரலாம் என்கிறார் மருத்துவர். என் கணவர் "இந்த வயசுல மூளைக்கு மாத்திரையா" என்று ஒரே பிடியாக நிற்கிறார். தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கையைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. மகன் சொல்வதோ வேறு: "இந்தப் பயம்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. மாத்திரை போட்டு பயம் போய்விட்டால், நான் நிஜமாகவே செய்துவிட்டால்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தியானம் செய்யச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், ப்ளீஸ்.

நேர்வழி:

வயசுக் கோளாறு. படிப்பு, விளையாட்டு என்று பிஸியாக வைத்திருங்கள், தானாகப் போய்விடும். மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க விட முடியாது.

கடைசி பெஞ்ச்:

நேர்வழி, நானும் பிஸியாகத்தான் இருந்தேன். பரீட்சை எழுதிக்கொண்டே உள்ளுக்குள் இன்னொரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா, உங்கள் பையன் கேட்டதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினாறு வயதில் நான் கேட்டதும் இதேதான். எனக்கு ரயில் மேடை. பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடுவேனோ என்று, வண்டி வருகிற வரை கைகளைக் கட்டிக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். நான் நல்லவனாக இருப்பதே அந்தப் பயத்தால்தான் என்று நம்பினேன். மாத்திரை வேண்டாம் என்று அழுததும் அதனால்தான்.

அந்தப் பேச்சும் ஓசிடியின் பேச்சுதான். 'உன்னைக் காப்பாற்றுவதே நான்தான்' என்று சொல்லித்தான் அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட எண்ணங்கள் அநேகமாக எல்லோருக்கும் எப்போதாவது வந்து போகும். மற்றவர்கள் 'சீ, என்ன நினைப்பு' என்று அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். எங்களால் அப்படிப் போக முடிவதில்லை. மனதுக்கு ஆகவே ஆகாததுதான் இப்படிப் பிடித்துக்கொள்ளும். தங்கை மேல் உயிராக இருப்பதால்தான் அவனுக்கு எண்ணமும் அவளைப் பற்றியே வருகிறது.

மாத்திரை என்னை வேறு ஆளாக்கவில்லை. முதலில் குமட்டல், தலைவலி, கண்ட நேரத்தில் தூக்கம். அப்புறம் அதெல்லாம் அடங்கியது, ஆனால் எண்ணம் அப்படியேதான் இருந்தது. வேலைக்கு ஆகாது என்று முடிவே கட்டிவிட்டேன். பிறகு ஒரு நாள் ரயிலில் ஏறி உட்கார்ந்த பின்தான் உறைத்தது, மேடையில் கையைக் கட்டவே இல்லை என்று. எண்ணம் வந்திருக்கிறது, அதன்பாட்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் ஈஆர்பி இல்லாமல் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன். மேடையின் நடுவில் கையைத் தொங்கவிட்டு நிற்க வைத்தது அதுதான். நிற்கிற தெம்பைத்தான் மாத்திரை கொடுத்தது.

இரவுப்பணி:

மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை. நான் பொதுவாகச் சொல்கிறேன்.

செர்ட்ராலின் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து அல்ல. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம், அதனால் படிப்படியாகக் குறைப்பார்கள். ஓசிடிக்கு 6 வயதிலிருந்தே இதைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி உண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகும், மன அழுத்தத்துக்குத் தருவதைவிட அதிக அளவும் தேவைப்படலாம். 25 மில்லிகிராமில் ஒரு மாதம் பார்த்துவிட்டு 'கேட்கவில்லை' என்று விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

நீங்கள் படித்த எச்சரிக்கை உண்மையானது, 2004-இல் வந்தது. சிறார்களிடம் நடந்த குறுகிய கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் தற்கொலை எண்ணமோ அதையொட்டிய நடத்தையோ தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் யாரும் உயிரிழக்கவில்லை. ஆகவே தேவை கண்காணிப்பு, குறிப்பாக முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நாட்களும். இருப்புக் கொள்ளாமல் நடப்பது, தூக்கமே இல்லாமல் துள்ளுவது, திடீர்க் கோபம், இதில் எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அதே 2004-இல் இன்னோர் ஆய்வு வந்தது. ஓசிடி உள்ள 7 முதல் 17 வயது வரையிலான 112 பேர், 12 வாரம். மருந்தும் ஈஆர்பி அடங்கிய சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்கு நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது. அந்தச் சிகிச்சை மட்டும் என்றால் 39 சதவீதம், மருந்து மட்டும் என்றால் 21. உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு ஈஆர்பியைக் கைவிடுவதுதான் மோசமான பேரம்.

மழைக்குருவி:

கடைசி பெஞ்ச், நீங்கள் எழுதியதை அவனிடம் வாசிக்கக் கொடுத்தேன். "இவருக்கும் அப்படியா" என்று மட்டும் கேட்டான். சரி, இன்று ராத்திரி வந்து நின்றால் என்ன சொல்லட்டும்?

கடைசி பெஞ்ச்:

'செய்ய மாட்டேடா' என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது ஓசிடிக்குத் தீனி போடுவதுதான். அதற்காகத் திடீரென்று பதிலை நிறுத்தாதீர்கள், பையன் தவித்துப்போவான். பகலில், அவன் நன்றாக இருக்கும்போது பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா சொன்னது: "இது ஓசிடி கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன்கூட உட்கார்ந்திருப்பேன்." முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கத்திகளைத் திருப்பி எடுத்து வைப்பதும் அப்படித்தான், எப்போது, எந்த வரிசையில் என்பதைச் சிகிச்சையாளரும் அவனும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

மழைக்குருவி:

அடுத்த சந்திப்புக்குக் கணவரும் வருகிறார். கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வியே "எப்போது நிறுத்தலாம்" என்பதுதான்.

இரவுப்பணி:

நல்ல கேள்வி. நன்றாகத் தேறிய பிறகும் பெரும்பாலும் ஒரு வருடம் போலத் தொடரச் சொல்வார்கள், அப்புறம் மெதுவாகக் குறைப்பார்கள். அதைப் பரீட்சைக் காலத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.