அரசு உப்பளத்தில் ஈடுபாடு வருவது தலைவராலா, ஏற்பாட்டாலா?

கடலாடிக்காரன்: ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம். இது மாதிரி இடத்தில் மேலே இருப்பவர் உற்சாகம் கொடுத்தால்தான் தொழிலாளி மனசு வைத்து வேலை பார்ப்பார் என்பது என் கட்சி. நினைத்தபடி சம்பளம் கூட்ட முடியாது. போனஸுக்கும் சட்டத்தில் 8.33 முதல் 20 சதவீதம் என்று வரம்பு உண்டு.

உப்புக்காத்து: ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. மேலே இருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு மாற்றல் வந்தால் உற்சாகமும் அவரோடு போய்விடும். பாத்தியில் நிற்பவருக்கு வேண்டியது கம்பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, நிழல் கொட்டகை, குடிதண்ணீர், தேதி தவறாத கூலி. வேலை ஈடுபாட்டை ஆராய்ந்த வில்லியம் கான் 1990-ல் சொன்னதும் இதுதான்: வேலையில் அர்த்தம், பயமின்மை, உடம்பிலும் மனசிலும் தெம்பு, இவை இருந்தால்தான் ஆள் முழுசாக ஈடுபடுவார். உப்புத் தண்ணீரில் கால் வெடித்தவருக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

கடலாடிக்காரன்: அந்தப் பயமின்மை யார் கையில் இருக்கிறது, தம்பி? உப்புச் செறிவை போமே டிகிரியில் அளப்போம்; வெப்ப டிகிரி இல்லை. கடல் தண்ணீர் சுமார் 3.5 டிகிரி. 25-ல் உப்பு விழ ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தொட்டதும் மிச்சத் தண்ணீரை வடித்தாக வேண்டும். இல்லையென்றால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டையிலேயே நீர்த்துவிடும். டிகிரி ஏறுவது முதலில் தெரிவது பாத்தியில் நிற்பவருக்கு. மேலிடத்துக்குப் பயந்து "உத்தரவு வரட்டும்" என்று அவர் நின்றால், அன்றைய பாத்தி போச்சு. "29 காட்டினால் நீங்களே மடையைத் திறங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி நிற்கிற அதிகாரிதான் நான் சொல்லும் தலைவர்.

உப்புக்காத்து: வாய்ச்சொல் போதாது. அடுத்து வருபவர் "யாரைக் கேட்டுத் திறந்தே?" என்பார். சுற்றறிக்கை போட்டு, பாத்திவாரியாகப் பதிவேட்டில் டிகிரி, நேரம், திறந்தவர் கையெழுத்து மூன்றும் ஏறினால்தான் தணிக்கையிலும் நிற்கும்.

சாயல்குடி வாசகர்: கூலிக் கணக்கையும் பாருங்கள். டன்னுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஈரத்தோடு வாரிய உப்புதான் எடை கூடும். நன்றாக வடியவிட்டு வாரியவருக்குக் காசு குறையும். காண்ட்ராக்ட் ஆளிடம் எந்தத் தலைவர் பேசினாலும் இது மாறாது. வடிந்த பிறகு, ஈரம் பார்த்து எடை போட வேண்டும்.

உப்புக்காத்து: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கடலாடிக்காரன்: கூலி முறையை மாற்றினால் ஒப்பந்தக்காரர் எதிர்ப்பார், கணக்குப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பும். அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டுமே. வடகிழக்குப் பருவமழையில் பாத்தி ஓய்ந்திருக்கும்போது தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசி முடித்தால், அடுத்த வாரலுக்கே புது முறை வந்துவிடும்.