மறு: ‘நார்மல் டென்ஷன் கிளாக்கோமா’ – திங்களுக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். கண் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கண்புரை, நீரிழிவு விழித்திரை நோய் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமாவுக்கு எல்லாரும் எழுதுவதுபோல் ‘கண் அழுத்த நோய்’ என்றே போட்டு வந்தேன். அப்புறம் வந்தது அதிலேயே ‘நார்மல் டென்ஷன்’ என்கிற இந்த வகை. கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்ற வழக்கமான அளவுக்குள் இருக்கும், ஆனாலும் பார்வை நரம்பு சிதையும். ‘இயல்பான அழுத்தமுள்ள கண் அழுத்த நோய்’ என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார். என்ன செய்யலாம்?

---

> ‘கண் அழுத்த நோய்’ என்றே போட்டு வந்தேன்

முதலில் அது ‘கண்ணழுத்த நோய்’. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், நன்னூல். மூலச்சொல்லில் அழுத்தமே கிடையாது ஐயா. கிரேக்கத்தில் ‘கிளௌக்கோஸ்’ என்றால் நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். பசுமை + கண் = பைங்கண். ‘பைங்கண் யானை’ என்று சங்கப் பாடல்களிலேயே வருகிறது. எனவே ‘பைங்கண் நோய்’ என்கிறேன். இயல்பழுத்தப் பைங்கண் நோய்! எங்கே முரண்?

---

அந்த யானைக்குக் கிளாக்கோமா இருந்ததா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. :)

கண் மருத்துவராகச் சொல்கிறேன், நாங்கள் பார்க்கும் பெரும்பாலானோர் கண்ணில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. பக்கப் பார்வை மெல்லக் குறைந்துகொண்டே வரும், நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் வெகுநாள் தெரியாது. ‘கண் அழுத்தம்’ என்றாலோ, “பிரஷர் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறேனே டாக்டர்” என்கிறார்கள். பாதிப்பு நரம்பில்தானே, ‘பார்வை நரம்புத் தேய்வு’ என்று வையுங்கள்.

---

> ‘பார்வை நரம்புத் தேய்வு’ என்று வையுங்கள்

டாக்டர், மன்னிக்கவும், பார்வை நரம்பு மூளைக் கட்டியாலும் தேயும், நரம்பு அழற்சிக்குப் பிறகும் தேயும். பொதுப்பெயரை ஒரு நோய்க்குக் கொடுத்துவிட்டால் மற்றவற்றுக்கு எங்கே போவது? தவிர, அழுத்தம் கூடாத இந்த வகைக்கும் நீங்கள் கொடுப்பது அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்துதான், ஏனென்றால் அந்த நரம்புக்கு அந்த ‘இயல்பான’ அளவே தாங்கவில்லை. பெயரிலிருந்து அழுத்தத்தைத் தூக்கிவிட்டால், நரம்பு நோய்க்கு எதற்கு அழுத்த மருந்து என்று கேட்டு ஆள் பாதியில் நிறுத்திவிடுவார். போன பார்வை திரும்பாத நோய் இது. பேசாமல் ‘கிளாக்கோமா’ என்றே எழுதுங்கள், சீட்டிலும் அதுதான் இருக்கும்.

---

எல்லாருக்கும் நன்றி. தலைப்பில் ‘கிளாக்கோமா’, முதல் பத்தியில் ஒரே ஒரு முறை ‘கண் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள்’. இந்த வகைக்கு ‘அழுத்தம் கூடாத கிளாக்கோமா’. இரத்த அழுத்தம் வேறு, கண்ணின் அழுத்தம் வேறு என்று ஒரு கட்டமும் சேர்த்துவிட்டேன். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் தானும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டேன்.

---

‘அழுத்தம் கூடாத’ என்பதை ‘அழுத்தம் ஆகாத’ என்றும் படிக்கலாமே, ‘மிகாத’ என்று மாற்றுங்கள். கிளாக்கோமாவை நான் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன். அது இருக்கட்டும், ‘கண்புரை’யைச் சிக்கலில்லை என்று தாண்டிவிட்டீர்கள். ‘புரைதீர்ந்த நன்மை’ என்கிற இடத்தில் வள்ளுவருக்குப் புரை என்றால் குற்றம், புரையோடிய புண்ணில் அது உட்துளை, கண்ணிலோ வெண்மையாய் மூடுவது. மூன்றும் ஒரே வேரா? தனி இழை தொடங்குகிறேன்.