கிகாலி ரோடு ரேஸ்: "பொகாச்சர்தான், பேச்சே வேணாம்"னு சொல்றவங்க கொஞ்சம் உள்ள வாங்க

ஒத்தக்கியர்:
நம்ம மேட்டுப்பாளையம் மெதுவா சார் நேத்து 2025 உலக சைக்கிள் சாம்பியன்ஷிப் ரோடு ரேஸுக்கு (ருவாண்டா கிகாலில, வர்ற ஞாயிறு) ஒரு ஃபார்ம் லிஸ்ட் போட்டாரு. ஸ்லோவேனியா பொகாச்சருக்கு அஞ்சு ஸ்டார், பெல்ஜியம் ரெம்கோ எவனபூலுக்கு மூணு ஸ்டார், பக்கத்துல "டைம் ட்ரையல் வேற, ரோடு வேற"ன்னு ஒரு வரி. படிச்சதுல இருந்து மண்டை காயுது. போன ஞாயிறு இதே கிகாலில நடந்த டைம் ட்ரையல்ல (ஒவ்வொருத்தரா தனித்தனியா கெளம்பி நேரம் பாக்குற ரேஸ்) பொகாச்சர் 2 நிமிஷம் 30 செகண்ட் முன்னாடி கெளம்புனாரு, கடைசியா கெளம்புன ரெம்கோ அவரை ரோட்டுலயே புடிச்சு தாண்டிப் போனாரு. அதுவும் கல்லு பாவுன கிமிஹுருரா ஏத்தத்துல, டிவில எல்லாரும் பாக்க. இதுக்கு மூணு ஸ்டாரா? பொகாச்சர் போட்டோவை பூஜை ரூம்ல மாட்டியிருக்கீங்களா சார்?

மேட்டுப்பாளையம் மெதுவா:
பூஜை ரூம் எங்கூட்ல இருக்குது, அதுல யார் போட்டோ இருக்குதுன்னு உங்களுக்கு எதுக்குங்க. டைம் ட்ரையல் 40.6 கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை ரோடு ரேஸ் 267.5 கிலோமீட்டர், ஏத்தம் மட்டும் 5,475 மீட்டர். 50 நிமிஷம் ஓட்டுறதும் ஆறு மணி நேரத்துக்கு மேல ஓட்டுறதும் ஒண்ணுங்களா? போன வருஷம் சூரிச்ல என்னாச்சு? டைம் ட்ரையல் ரெம்கோ ஜெயிச்சாரு, ஒத்துக்கறேன். ஒரு வாரம் கழிச்சு ரோடுல அஞ்சாவது. பொகாச்சர் 100 கிலோமீட்டர் இருக்கறப்பவே கெளம்பிப் போயி ஜெயிச்சாரு. லிஸ்ட்ல அதையும் எழுதியிருந்தேன், அது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலைங்களா?

ஒத்தக்கியர்:
சூரிச்ல பொகாச்சர் டைம் ட்ரையலே ஓட்டலை சார். ஓட்டாதவரை எப்படிப் புடிக்கிறது? இந்த வருஷம் ஓட்டுனாரு, புடிச்சாச்சு. நான் கேக்குறது ஒரே கேள்வி. புடிச்சாரா இல்லையா?

டயர்லெவர்:
புடிச்சதை விடுங்க, கனடால நடந்த ரேஸுங்களைப் பாருங்க. கியூபெக்ல பொகாச்சர் 29வது. மாண்ட்ரியல்ல ரெண்டாவது. போன வருஷம் இதே மாண்ட்ரியல்ல தனியாப் போயி ஜெயிச்ச ஆளு. டூர் டி பிரான்ஸ் கடைசி வாரத்துலயே மூஞ்சி செத்துப்போய் இருந்துச்சு, முதல்ல இருக்கறவரு போடுற மஞ்சள் ஜெர்சியைப் போட்டுட்டு வீட்டுக்கு எப்படா போறதுங்குற மாதிரி.

மேட்டுப்பாளையம் மெதுவா:
தம்பி, மாண்ட்ரியல்ல ரெண்டாவது வந்தது தோல்வி இல்லைங்க. ஜெயிச்ச மெக்நல்டி அவரு டீம்காரரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க, இவரு விட்டுக்குடுத்தாரு. ஹைலைட்ஸ் மட்டும் பார்த்துட்டு ரேங்கைப் படிச்சா இப்படித்தான்.

ஒத்தக்கியர்:
மெக்நல்டிக்கு விட்டுக்குடுத்தாரு. கியூபெக்ல முன்னாடி வந்த 28 பேருக்கும் விட்டுக்குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை ரெம்கோவுக்கும் விட்டுக்குடுத்துட்டாரு போல. கர்ணன் தோத்தாரு சார் உங்க ஆளுகிட்ட.

சைக்கிள்கடை பேரன்:
ஒரு விஷயத்தை யாருமே சொல்ல மாட்டேங்குறீங்க. டைம் ட்ரையல் உலக சாம்பியன்ஷிப் 1994ல ஆரம்பிச்சது. அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரே வருஷத்துல ரெண்டையும் யாரும் ஜெயிச்சதில்ல. 1995 கொலம்பியா துய்டாமாவை எடுத்துக்கோங்க, அதுவும் மலை ஊரு, கிகாலியை விட ரொம்ப உயரம். டைம் ட்ரையல்ல இன்டுரைன் தங்கம், ஒலானோ வெள்ளி. ரோடுல ஒலானோ தங்கம், அதுவும் கடைசியில பின் டயர் பஞ்சரோட உருட்டிக்கிட்டே வந்து. இன்டுரைன் வெள்ளி.

ஒத்தக்கியர்:
ரொம்ப நன்றி பேரன். டைம் ட்ரையல்ல மொத ரெண்டு இடம் வந்தவங்கதான் ரோடுலயும் மொத ரெண்டு இடம். அப்ப டைம் ட்ரையல்ல நாலாவது வந்த பொகாச்சருக்கு அஞ்சு ஸ்டார் எப்படி வந்துச்சு?

மேட்டுப்பாளையம் மெதுவா:
டைம் ட்ரையல் ஜெயிச்சவரு ரோடுல ஜெயிக்கலைங்களே! அதைத்தானுங்க பேரனும் சொல்றாப்ல, உங்களுக்குப் பாதி வரிதான் படிக்க வருமுங்களா?

ரோடுபைக் ராஜி:
பேரன், "யாரும்"னா யாரு? நீங்க சொன்ன அதே 1995 துய்டாமாவுல ஜானி லோங்கோ ரெண்டையும் ஜெயிச்சாங்க. 2020 இமோலாவுல அன்னா வான் டெர் ப்ரெஹன் ரெண்டையும் ஜெயிச்சாங்க. ஆம்பளைங்கன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதுனா கை வலிக்குமா?

சைக்கிள்கடை பேரன்:
அக்கா நான் சொன்னது எலீட் ஆண்கள். தலைப்பே அதைப் பத்திதானே. பெண்கள் ரேஸ் தூரம் கம்மி, அது வேற கணக்கு.

ரோடுபைக் ராஜி:
தலைப்புல எங்க இருக்கு ஆண்கள்னு? "வேற கணக்கு"ன்னு சொல்லி நழுவுறது உங்களுக்குப் புதுசா என்ன, போன ரெண்டு திரியிலயும் இதேதான்.

ஒத்தக்கியர்:
ராஜி மேடம் கரெக்ட். ரெண்டையும் ஜெயிக்க முடியும்னு ஆயிடுச்சு. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ரெம்கோவே ரெண்டையும் ஜெயிச்சாரு, அப்ப இந்தப் பேரன் எங்க இருந்தாரு? ஆக திரும்பவும் அதே இடத்துக்கு வர்றேன். ரெண்டரை நிமிஷம். புடிச்சாரா இல்லையா, மெதுவா சார் இன்னும் பதில் சொல்லலை.

மேட்டுப்பாளையம் மெதுவா:
புடிச்சாருங்க. போதுங்களா? ஆனா எப்பப் புடிச்சாரு? ரேஸ் முடியப்போற நேரத்துல. மொத்த வித்தியாசமே 2:37. அதாவது கிட்டத்தட்ட ரேஸ் பூராவும் பொகாச்சர் முன்னாடிதான் இருந்தாரு. அந்த ஒரு போட்டோவை வச்சுக்கிட்டு எத்தனை நாளு வண்டி ஓட்டுவீங்க? வெண்கலம் வாங்குன வான் வில்டருக்கும் இவருக்கும் வெறும் ஒரு செகண்டுங்க.

ஒத்தக்கியர்:
"பூராவும் முன்னாடிதான் இருந்தாரு" 😂 ரெண்டரை நிமிஷம் முன்னாடி அனுப்பி வச்சா நீங்களும் நானும் கூடத்தான் கொஞ்ச நேரம் முன்னாடி இருப்போம். இதை ப்ரேம் போட்டு வைக்கணும். வான் வில்டர்கிட்ட ஒரு செகண்ட்ல தோத்தது உங்களுக்குப் பெருமையா வேற இருக்கு.

டயர்லெவர்:
ரெம்கோ பத்தியும் பேசணும்ல. இந்த வருஷ டூர்ல 14வது ஸ்டேஜ்ல தூர்மாலே ஏத்தத்துலயே சைக்கிளை விட்டு எறங்கிட்டாரு. நீளமான ஏத்தம் வந்தா சந்தேகம்தான். ஞாயிறு நடுவுல பெரிய சுத்து ஒண்ணு இருக்கு, மோன்ட் கிகாலி 5.9 கிலோமீட்டர், சராசரி 6.9 சதவீதம், அது முடிஞ்ச கொஞ்ச நேரத்துல கல்லு ரோட்டுல 11 சதவீத மேடு. அங்கதான் தெரியும். அப்புறம் டெல் டோரோ, அயூசோவை ஏன் யாரும் பேசலை? ரெண்டு பேரும் பொகாச்சர் டீம்தான், ஆனா உலக சாம்பியன்ஷிப் நாட்டுக்காக ஓட்டுறது, ஞாயித்துக்கிழமை மெக்சிகோ, ஸ்பெயின் ஜெர்சி. அயூசோ அந்த டீமை விட்டே போறாரு. அவரு எதுக்கு சும்மா வேடிக்கை பாக்கணும்?

ஒத்தக்கியர்:
தூர்மாலே ஜூலை. டைம் ட்ரையல் போன ஞாயிறு. ஃபார்ம்னா இன்னைக்கு காலு எப்படி இருக்குன்னு பாக்கணும், ஜூலைல எப்படி இருந்துச்சுன்னு பாக்கக்கூடாது.

மேட்டுப்பாளையம் மெதுவா:
அப்ப மூணு மாசம் முன்னாடி டூர் ஆரம்பிக்கறப்ப விங்கேகார்டு காலு சூப்பரா இருக்குது, பொகாச்சர் காலின்னு நாலு பக்கத்துக்கு எழுதுனது யாருங்க? டூர் முடிஞ்சதும் அந்தப் பதிவு எங்க காணாமப் போச்சு? என்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்குது.

ஒத்தக்கியர்:
நான் எந்தப் பதிவையும் அழிக்கலை. போர்டு மாத்துனப்ப பழசு நிறைய போச்சு, என்னோடது மட்டும் இல்ல. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பத்திரமா வச்சிருக்கீங்கன்னா என் மேல எவ்வளவு பாசம்னு தெரியுது. அந்த நேரத்துல ஏத்தம் ஏறி பழகியிருக்கலாம், கல்லாறுல இருந்து பர்லியார் போறதுக்குள்ள மூணு டீ குடிக்கிற ஆளு ஃபார்ம் பத்தி லிஸ்ட் போடுறாரு.

மேட்டுப்பாளையம் மெதுவா:
மூணு டீயோ முப்பது டீயோ, என் காசுங்க. கோத்தகிரி ரைடுல மேட்டுப்பாளையத்துல இருந்து கெளம்பி மேல வரைக்கும் காத்து படாம என் பின்வீல்லயே ஒட்டிக்கிட்டு வந்து, ஊருக்குள்ள நுழையறப்ப சிலுப்பிக்கிட்டு முன்னாடி போயி ஸ்ட்ராவா ஆப்புல வேகமா ஓட்டுனவருக்கான கிரீடம் போட்டுக்கிட்டது யாருன்னு அன்னைக்கு வந்தவங்க எல்லாத்துக்கும் தெரியும். தனியா ஒருத்தன் காத்தைக் கிழிச்சு ஓட்டுறதுன்னா என்னன்னு உங்களுக்கு எங்கீங்க தெரியும்.

சைக்கிள்கடை பேரன்:
நானும் அன்னைக்கு வந்தேன். மெதுவா அண்ணன் சொல்றது உண்மை.

ஒத்தக்கியர்:
பேரன் நீங்க அன்னைக்கு வேன்ல வந்தீங்க.

சைக்கிள்கடை பேரன்:
கியரைத் தாங்குற டெரெய்லர் ஹேங்கர் ஒடஞ்சா வேன்லதான் வருவாங்க. வேன்ல இருந்து பார்த்தா இன்னும் நல்லாவே தெரியும்.

டயர்லெவர்:
ரேஸுக்கு வாங்கப்பா. பென் ஹீலி யாருமே சொல்லலை. டூர்ல ஸ்டேஜும் ஜெயிச்சு மஞ்சள் ஜெர்சியும் போட்டவரு, இப்படி சுத்திச் சுத்தி அரைக்கிற ரேஸ் அவருக்குன்னே செஞ்சது. என் கணக்குல கட்டாயம் மூணு பேருக்குள்ள இருப்பாரு.

ரோடுபைக் ராஜி:
பெண்கள் ரோடு ரேஸ் சனிக்கிழமை. அதுக்கு யாராவது ஒரு ஸ்டாராவது போடுவீங்களா, இல்ல அதுவும் வேற கணக்கா?

ஒத்தக்கியர்:
ராஜி மேடம் அதுக்குத் தனித் திரி போடுங்க, கட்டாயம் வர்றேன். ஹீலி எல்லாம் அப்புறம். மெதுவா சார், கோத்தகிரில நான் ரெண்டு தடவை முன்னாடி வந்து காத்தை வாங்கி இழுத்தேன், குஞ்சப்பனை செக்போஸ்ட் பக்கத்துல ஒரு தடவை, அதுக்கு மேல ஒரு தடவை. என் கார்மின் மீட்டர்ல பதிவான ரைடு ஃபைல் அப்படியே இருக்கு. உங்க ஃபைலையும் போடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

மேட்டுப்பாளையம் மெதுவா:
செக்போஸ்ட்ல வண்டிங்க எல்லாம் நின்னுட்டு இருந்துச்சுங்க. அங்க முன்னாடி வந்ததுக்குப் பேரு இழுத்ததா?