கடைசித் தெருக் குழாயில் குளோரின் பூஜ்யம்

கேள்வி: 1 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 400 கிராம் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். தொட்டியடியில் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் காட்டுகிறது, கடைசித் தெருவில் ஒன்றுமில்லை. அளவைக் கூட்டலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. 400 கிராம் கணக்கு 33% குளோரின் உள்ள புது மூட்டைக்குத்தான். வாய் திறந்து கிடந்ததில் வீரியம் போயிருக்கும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்க. அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கணும்.

பதில் 2: தொட்டியடியில் 0.5 இருக்கே, பவுடரைக் குறை சொல்லி என்ன பயன்? முனைக் குழாயில் தேங்கிய சகதிதான் குளோரினைத் தின்னுது. கடைசி வால்வைத் திறந்து, தண்ணி தெளியும்வரை ஓட விடுங்க. பிறகும் 0.2க்குக் கீழே நின்றால், சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் கசிவு தேடுங்க. அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு இருக்கானும் விசாரிங்க.

பதில் 3: குளோரின் அளவு பார்க்க ஆர்த்தோடொலுடின் என்ற சோதனைச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தினால் மஞ்சள் நிறத்தை உடனே பார்க்கணும். தாமதித்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.